மகனுக்கு எழுதிய மடல்

மாம்பலம் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் நின்று பார்த்தால், வடக்கே எழும்பூருக்கும் தெற்கே தாம்பரத்துக்கும் ஓடும் தண்டவாளங்கள் வெயிலில் மின்னுவதைக் காணலாம். நாள்தோறும் அதைக் கடந்து பள்ளிக்கு வருகிற நம் மாணவியருள் எத்தனை பேர் அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று எண்ணியிருப்பார்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நம் நாட்டு இருப்புப் பாதைகளுக்கான தண்டவாளங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்தன. அவற்றை இங்கேயே வார்க்க முடியும் என்று நம்பி, அந்த நம்பிக்கைக்காகவே இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, தம் ஆலையில் வார்த்த எஃகில் ஒரு துண்டைக்கூடக் கண்ணால் காணாமல் மறைந்த ஒருவரின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். அவர்தாம் ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா.

டாட்டா என்ற பெயரை அறியாதார் இல்லை. ஆனால் அப்பெயரைக் கேட்டதும் பெருஞ்செல்வம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நாமோ அவர் தம் மகனுக்கு எழுதிய ஒரு கடிதத்தை நடுவில் வைத்து அவர் வாழ்வைப் பார்க்கப் போகிறோம்.

குஜராத்திலுள்ள நவசாரி என்னும் சிற்றூரில் 1839 மார்ச் 3 அன்று ஜம்ஷெட்ஜி பிறந்தார். தந்தை நசர்வான்ஜி; தாய் ஜீவன்பாய். பார்சி சமயக் குருக்களின் குடும்பம் அது. தலைமுறை தலைமுறையாகப் புனித நெருப்பின் முன் நின்று வழிபாடு நடத்தி வந்த அக்குடும்பத்தில், வணிகம் செய்யப் பம்பாய்க்குப் புறப்பட்ட முதல் மனிதர் நசர்வான்ஜியே. மகனுக்குப் பதினான்கு வயது நடக்கையில் அவனையும் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1858-இல் தேறிய ஜம்ஷெட்ஜி, மறு ஆண்டே தந்தையின் வணிகத்துக்காக ஹாங்காங் சென்றார். கல்லூரியில் படிக்கும்போதே ஹீராபாயுடன் திருமணம் நடந்துவிட்டது. மூத்த மகன் தோராப்ஜி 1859-இல் பிறந்தான். அவனுக்கும் இளைய மகன் ரத்தன்ஜிக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி.

அந்நாளில் ஒரு வணிகக் குடும்பத்தை இணைத்து வைத்தது கடிதமே. தந்தை பம்பாயில், மகன் ஹாங்காங்கில், பிறகு இலண்டனில். பருத்தி என்ன விலை, எந்தக் கப்பல் புறப்பட்டது, எவரிடம் பணம் நிற்கிறது, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்பதெல்லாம் ஒரே தாளில் வரும். பதில் வந்து சேர வாரக்கணக்காகும். அதற்குள் விலை ஏறியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும். தொலைபேசியில் நொடியில் பேசிவிடுகிற நமக்கு அந்தக் காத்திருப்பு விளங்குவது கடினம். எழுதுகிறவர் பல வாரங்களுக்கு அப்பால் நடக்கப்போவதை முன்கூட்டியே எண்ணித்தான் ஒவ்வொரு வரியையும் எழுதவேண்டும். ஜம்ஷெட்ஜியின் முன்னோக்குக்கு இப்பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இளமையிலேயே ஒரு பேரிடி விழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டுப் பருத்தி வெளியே வர முடியாததால் பம்பாய்ப் பருத்திக்குத் தங்கவிலை கிடைத்தது. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. நேற்றுவரை இலட்சாதிபதிகளாக இருந்தோர் ஓட்டாண்டிகளாயினர். அப்போது இலண்டனில் இருந்த ஜம்ஷெட்ஜியின் கையில் செல்லாத வணிகப் பத்திரங்களே மிஞ்சின. இருபத்தாறு வயது இளைஞர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களை நேரில் சென்று கண்டு, உள்ள நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். பம்பாயிலிருந்த குடும்ப வீட்டை விற்றுக் கடன் அடைந்தது.

பிறகு அவர் தலைநிமிர்ந்த கதையை விரைவாகவே சொல்லிவிடலாம். 1868-இல் 21,000 ரூபாய் முதலுடன் தனி வணிகம் தொடங்கினார். நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பருத்தி ஆலையாக்கி இலாபத்துக்கு விற்றார். 1877 சனவரி 1 அன்று நாகபுரியில் எம்ப்ரெஸ் ஆலையைத் திறந்தார். ஆலை என்றால் பம்பாயில்தான் என்றிருந்த காலத்தில், பருத்தி விளையும் இடத்துக்கு ஆலையைக் கொண்டுபோனது புதுமை. பஞ்சுத்தூசியில் மூச்சு முட்டும் தொழிலாளருக்காகக் காற்றோட்டக் கருவிகளையும் ஈரப்பதக் கருவிகளையும் அங்கே பொருத்தினார். 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்துக்கு ஈட்டுத்தொகையும் ஏற்படுத்தினார். அவற்றைச் செய்யும்படி எந்தச் சட்டமும் அன்று அவரை வற்புறுத்தவில்லை.

இனி இரும்புக்கு வருவோம்.

நம் தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில், சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் பெரிய இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. எரிபொருள் காட்டு மரத்தைச் சுட்டெடுத்த கரி. நல்ல இரும்பு கிடைத்தது; ஆனால் கரிக்காகக் காடுகள் அழிந்தன; காடு விலக விலகச் செலவும் ஏறியது. ஹீத் கடனில் மூழ்கி இங்கிலாந்து திரும்பினார். எஃகு செய்கையில் மாங்கனீசைச் சேர்க்கும் அருமையான முறையைக் கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து உற்பத்தியாளர்கள் அம்முறையைச் சிறிது மாற்றிக்கொண்டு, அவருக்குரியதைக் கொடுக்காமல் பொருளீட்டினார்கள். வழக்காடி அலுத்து 1851-இல் அவர் இறந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும் அந்நூற்றாண்டிலேயே மூடிக் கிடந்து மறைந்தது. தாது இருந்தால் மட்டும் போதாது. கல்கரியாக்கத் தகுந்த நிலக்கரியும், சுண்ணாம்புக்கல்லும், வற்றாத தண்ணீரும், அருகில் ரயில் பாதையும் ஒன்றுகூட வேண்டும் என்பதற்கு அந்த ஆலையே சாட்சி.

இந்த உண்மையை ஜம்ஷெட்ஜியும் தம் அனுபவத்தில் உணர்ந்தார். 1882-இல், சாந்தா மாவட்டத்து லோஹாரா என்னுமிடத்தில் இரும்புத்தாது நிறைய உள்ளதென்று ஜெர்மானிய நிலவியல் அறிஞர் ஒருவர் எழுதிய அறிக்கை அவர் கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அருகே கிடைத்த வரோரா நிலக்கரியைச் சோதித்துப் பார்த்தார். அது ஊதுலைக்கு ஏற்றதாக இல்லை. சுரங்க விதிகளோ தனி ஒருவரை உள்ளே விடாத அளவுக்குக் கடுமையாக இருந்தன. வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். அவரோ இரும்பைப் பற்றிய செய்தித்தாள் துணுக்குகளைப் பதினேழு ஆண்டுகள் சேர்த்து வைத்தார்!

அந்தப் பதினேழு ஆண்டுகளில் அவர் கைவைத்த செயல்கள் பல. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளின் கட்டணக் கொள்ளையை எதிர்க்க 1890-களில் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி ஓட்டித் தோற்றார். பின்னாளில் நம் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் எதிர்கொண்ட அதே தந்திரத்தை, அதாவது எதிராளி ஒழியும்வரை கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைப்பதை, அவருக்கு எதிராகவும் கையாண்டார்கள். 1892-இல் இந்திய மாணவர்கள் வெளிநாடு சென்று படிக்க ஒரு நிதியம் நிறுவினார். அதன் உதவியை முதன்முதலில் பெற்றவர்களுள் ஃப்ரேணி காமா என்ற பெண் மருத்துவர் இருந்தார் என்பதை நம் மாணவியர் குறித்துக்கொள்ள வேண்டும். 1898-இல் தம் சொத்தில் ஏறத்தாழப் பாதியை, முப்பது இலட்சம் ரூபாய் மதிப்புள்ள கட்டிடங்களையும் நிலங்களையும், ஓர் அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அளிக்க முன்வந்தார். இதற்குத் துணை நிற்குமாறு சுவாமி விவேகானந்தருக்கு அவர் எழுதிய கடிதமும் அந்த ஆண்டைச் சேர்ந்ததே. ஐந்தாண்டுகளுக்கு முன் யோகோஹாமாவிலிருந்து வான்கூவர் சென்ற கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்திருந்தார்கள். அக்கழகம் பெங்களூரில் 1911-இல் மாணவர்களை ஏற்றது. அதையும் ஜம்ஷெட்ஜி காணவில்லை.

1899-இல் கர்சன் பிரபு சுரங்க விதிகளைத் தளர்த்தினார். மறு ஆண்டு ஜம்ஷெட்ஜி இலண்டன் சென்று, இந்தியாவுக்கான அமைச்சர் ஜார்ஜ் ஹாமில்டன் பிரபுவைக் கண்டு ஆதரவு பெற்றார். அறுபதைக் கடந்த அவர் உடல்நலம் குன்றியிருந்தார். ஆயினும் 1902-இல் அமெரிக்கா சென்று கிளீவ்லாந்து, பர்மிங்ஹாம், பிட்ஸ்பர்க் நகரங்களின் ஊதுலைகளைச் சுற்றிப் பார்த்தார். நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியியல் வல்லுநரின் அலுவலகத்துக்குத் தாமே நடந்து சென்று, இந்தியாவுக்கு வந்து தாதும் கரியும் இருக்குமிடம் கண்டு ஓர் எஃகாலை கட்டித் தர முடியுமா என்று கேட்டார். செலவு என்ன ஆனாலும் தருவதாகவும் சொன்னார். முன்பின் அறியாத அந்த முதியவரின் முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போன பெரின் சம்மதித்தார்.

வெளிநாட்டில் இருந்த அந்த 1902-ஆம் ஆண்டில்தான் அவர் தோராப்ஜிக்கு நாம் முதலில் குறிப்பிட்ட மடலை எழுதினார். உலகெங்கும் ஆலைக்காரர்கள் குடும்பத்தாருக்கு எழுதும் கடிதங்களில் எதை எதிர்பார்ப்போம்? முதலீடு, வட்டி, இயந்திர விலை, கூலி. இம்மடலில் வேறு ஒன்று இருந்தது. எஃகு நகரத்தில் தெருக்கள் அகலமாக இருக்கவேண்டும். ஓரங்களில் நிழல்தரும் மரங்கள் நடவேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று விரைவில் வளரும் இனமாக இருக்கவேண்டும். புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் நிறைய இடம் விடவேண்டும். கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பெரிய திடல்கள் வேண்டும், பூங்காக்கள் வேண்டும். இந்துக் கோயில்களுக்கும், முகமதியர் பள்ளிவாசல்களுக்கும், கிறிஸ்தவ ஆலயங்களுக்கும் முன்கூட்டியே நிலம் ஒதுக்கவேண்டும். இவைதாம் தந்தை மகனுக்கு இட்ட கட்டளைகள்.

அப்போது நகரம் எங்கே இருந்தது? எங்கும் இல்லை. தாது கிடைக்கவில்லை, கரி முடிவாகவில்லை, கம்பெனி பதிவாகவில்லை, ஒரு ரூபாய் பங்குகூட விற்கவில்லை. ஆலை எழப்போகும் இடம் தெரிய இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஒன்றுவிட்டு ஒன்று விரைவில் வளரும் மரம் என்ற அந்தச் சின்னக் குறிப்பைப் பாருங்கள். மெதுவாக வளரும் ஆலும் புளியும் நிழல்தரப் பல்லாண்டு ஆகும். அதுவரை முதல் தலைமுறைத் தொழிலாளி வெயிலில் நடக்கலாகாது என்று எண்ணியிருக்கிறார். ஒரு தாய்தான் இப்படி எண்ணுவாள்.

இம்மடலின் அருமையை முழுதும் உணர வேண்டுமானால், இதற்கு ஒரு நூறாண்டுக்கு முன் வேல்ஸ் நாட்டில் நடந்ததைச் சிறிது அறியவேண்டும். மெர்த்தர் டிட்ஃபில் என்ற ஊரைச் சுற்றி உலகின் மாபெரும் இரும்பாலைகள் எழுந்தன. அவற்றுள் சைஃபார்த்ஃபா ஆலை கிராஷே குடும்பத்துடையது. அங்கும் தந்தைக்கும் மகனுக்கும் கடிதங்கள் பறந்தன. தந்தை இலண்டனில் உட்கார்ந்து இரும்பை விற்பார். மகன் ஆலையை நடத்துவார். விலையைப் பற்றியும் இருப்பைப் பற்றியும் அதிகாரம் யாருக்கு என்பது பற்றியும் ஒருவரையொருவர் கடிந்து எழுதிக்கொண்ட அக்கடிதங்கள் வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. மகன் வில்லியம் கிராஷே, தந்தைக்குப் பிடிக்காதபோதும் 1825-இல் ஆலைக்கு எதிரே கோட்டை போன்ற மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டார். தொழிலாளரின் ஊரிலோ சாக்கடை இல்லை. நல்ல குடிநீர் இல்லை. 1849-இல் வந்த காலராவில் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே நல்லவர்கள் இல்லாமலில்லை. அருகிலிருந்த டவுலைஸ் ஆலையின் உரிமையாளருடைய மனைவி சார்லட் கெஸ்ட் அம்மையார், கணவரின் கணக்குகளையும் கடிதங்களையும் கவனித்து, தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தி, 1852-இல் கணவர் இறந்தபின் ஆலைப் பொறுப்பையும் தாங்கினார். அதற்கிடையே வேல்ஸ் மொழியின் பழங்கதைகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆயினும் ஊர் முதலில் வளர்ந்தது. சாக்கடையும் தண்ணீரும் சாவுக்குப் பிறகே வந்தன. ஜம்ஷெட்ஜி அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற நினைத்தார் என்பதே நம் கருத்து.

மடலைப் பெற்ற தோராப்ஜியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு வேலையாக மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்ற அவரிடம், அங்கே கல்வித்துறைத் தலைவராக இருந்த பாபா என்ற பார்சிப் பெரியவரின் வீட்டுக்கும் சென்று வரும்படி தந்தை சொல்லியனுப்பினார். தந்தையின் உள்நோக்கம் பலித்தது. அந்த வீட்டு மகள் மெஹர்பாயை 1898-இல் தோராப்ஜி மணந்தார். பெங்களூரில் பள்ளிப் படிப்பைப் படித்த மெஹர்பாய், பின்னாளில் பெண் கல்விக்காகவும் குழந்தை மணத் தடைச் சட்டத்துக்காகவும் பேசியவர். இவர்களைப் பற்றி இன்னும் சிறிது பின்னால் வரும்.

தோராப்ஜியும், உறவினர் ஷாப்பூர்ஜி சக்லத்வாலாவும், பெரினின் கூட்டாளியான வெல்ட் என்ற நிலவியலாளரும் சாந்தா மாவட்டத்துக் காடுகளில் மாட்டு வண்டியில் அலைந்தார்கள். புலி நடமாடும் காடு, தண்ணீர்ப் பஞ்சம். சோடாவில் தேநீர் போட்டுக் குடித்தார்கள் என்பர். தாது இருந்தது, போதுமான அளவில் இல்லை. தோல்வியைச் சொல்ல நாகபுரிக்குச் சென்ற தோராப்ஜி, அதிகாரியைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார். அங்கே சுவரில் ஒரு நிலவியல் படம். துர்க் மாவட்டத்தில் இரும்பு இருப்பதாக அதில் வண்ணம் தீட்டியிருந்தது. அங்கே போய்ப் பார்த்தால், மலையே இரும்பாக இருந்தது! ஆனால் அருகே தகுந்த கரியும் நீரும் இல்லை. பல்லாண்டுகளுக்குப் பின் பிலாய் ஆலைக்கு அந்தத் தாது பயன்பட்டது.

அந்தப் படத்துக்கான ஆய்வைச் செய்தவர் பிரமதநாத் போஸ் என்ற வங்காள அறிஞர். அவர் அப்போது மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் பணியாற்றினார். 1904 பிப்ரவரி 24 தேதியிட்டு அவர் ஜம்ஷெட்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். மயூர்பஞ்சில் உயர்ந்த தாது உண்டு. ஜரியா நிலக்கரி வயல்களும் தொலைவில் இல்லை என்பது அதன் சாரம். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேடியதற்கு விடை அந்த உறையில் இருந்தது.

ஆனால் அதைத் தொடர்ந்து செல்ல ஜம்ஷெட்ஜிக்கு உடலில் வலு இல்லை. சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றிருந்தார். மார்ச் மாதம் மனைவி ஹீராபாய் இறந்த செய்தி வந்தது. 1904 மே 19 அன்று, ஜெர்மனியிலுள்ள பாட் நௌஹைம் என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபத்தைந்து. வேலையைப் பெருக்க முடியாவிட்டாலும் செய்ததை இழந்துவிட வேண்டாம் என்பதே சுற்றத்தாரிடம் அவர் இறுதியாகச் சொன்னதன் பொருள். இங்கிலாந்தில் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

கோருமஹிசானி மலையில் தாது உறுதியானது. ஆலைக்குப் பணம் திரட்ட தோராப்ஜி இலண்டன் சந்தைக்குச் சென்றார். அங்கே எவரும் நம்பவில்லை. இந்தியர் எஃகு தண்டவாளம் செய்தால் அதை முழுவதும் தாமே தின்றுவிடுவதாக ரயில்வே உயர் அதிகாரி ஒருவர் ஏளனம் செய்தாராம். தோராப்ஜி தாய்நாட்டு மக்களை நோக்கித் திரும்பினார். 1907 ஆகஸ்டு 26 அன்று கம்பெனி பதிவானது. சுதேசி உணர்வு பொங்கிய காலம் அது. மூன்றே வாரத்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் இந்தியர்கள் பங்குத்தொகை முழுவதையும் கட்டிவிட்டார்கள்! அவ்வாண்டு இறுதியில் சுவர்ணரேகா, கார்க்காய் என்னும் ஆறுகள் கூடும் இடத்தில் சாக்சி என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1912 பிப்ரவரி 16 அன்று முதல் எஃகுக் கட்டி வெளிவந்தது. அதே ஆண்டில் எட்டு மணி நேர வேலை நாளும் அங்கே வந்தது. முதல் உலகப் போரில் மெசொப்பொட்டேமியா வரை சாக்சித் தண்டவாளம் சென்றது. ஏளனம் செய்த அதிகாரி அதை உண்டதாகச் செய்தி இல்லை. 1919 சனவரியில் அரசப்பிரதிநிதி செம்ஸ்ஃபோர்டு பிரபு நேரில் வந்து, அந்நகருக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். காலிமாட்டி ரயில் நிலையம் டாட்டாநகர் ஆயிற்று.

எல்லாம் மடலில் கண்டவாறே நடந்துவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. சாக்சியைச் சுற்றிப் பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் நிலம் ஆலைக்கும் நகருக்கும் சட்டப்படி எடுக்கப்பட்டது. மரத்தையும் திடலையும் பற்றி அத்தனை கருத்தாக எண்ணியவர் அம்மக்களைப் பற்றி எண்ணியிருக்க வழியில்லை, இடமே தெரியாதல்லவா? ஆனால் இடம் தெரிந்த பின்னும் அவர்களை நினைத்தவர் அதிகமில்லை என்பது வருத்தத்துக்குரியது. வேலை தேடி வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பெருகியதால், திட்டமிட்ட தெருக்களுக்கு வெளியே நெருக்கடியான குடியிருப்புகள் முளைத்தன. 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. காந்தியடிகள் 1925-இல் அங்கே சென்று, தொழிற்சங்கத்தை நிர்வாகம் ஏற்கத் துணை செய்தார். பின்னர் சுபாஷ் சந்திர போஸ் அச்சங்கத்தின் தலைவராக இருந்தார். உழைப்பவர் கேட்டுப் பெற்றதும் அந்நகரின் வரலாற்றில் ஒரு பாதி.

1924-இல் ஆலையே மூழ்கும் நிலை வந்தது. போருக்குப் பின் விலை சரிந்தது. வெளிநாட்டு எஃகு மலிவாகக் குவிந்தது. கூலி கொடுக்கப் பணம் போதாது என்று ஜம்ஷெட்பூரிலிருந்து பம்பாய்க்குத் தந்தி வந்தது. ஆலையை மூடிவிடலாம் என்றும் விற்றுவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. தோராப்ஜி தம் சொந்தச் சொத்து முழுவதையும், மனைவியின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் பெற்றார். அந்நகைகளுள் கோகினூரைவிடப் பெரியதான ஜூபிலி வைரமும் இருந்தது. ஒரு பெண் தன் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்ததால் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிந்தது என்று சொன்னால் மிகையன்று. இழந்துவிட வேண்டாம் என்ற தந்தையின் சொல்லுக்கு மகனும் மருமகளும் கொடுத்த விலை அது. ஆலை பிழைத்தது, வைரமும் மீண்டது. 1931-இல் மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டு தோராப்ஜியும் மறைந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்து முழுவதும் அறநிலையத்துக்குச் சென்றது. பம்பாயில் 1941-இல் திறந்த டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அந்த அறநிலையம் எழுப்பியதே. ஜூபிலி வைரத்தை விற்ற பணமும் அந்த அறநிலையத்தையே சேர்ந்தது.

தந்தை கேட்ட விளையாட்டுத் திடல்களைத் தோராப்ஜி மறக்கவில்லை. 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய வீரர்களை அனுப்பத் தம் கைப்பணத்தைக் கொடுத்தவர் அவரே. விளையாட்டு விழாவன்று நம் மாணவியர் அவரையும் ஒருமுறை நினைக்கலாம்.

நம் தியாகராய நகரும் வரைபடத்தில் முதலில் பிறந்த ஊர்தான். 1920-களில் மாம்பலம் ஏரியின் நீரை வடித்து, நடுவில் பனகல் பூங்காவை வைத்து, அதிலிருந்து தெருக்கள் விரியுமாறு திட்டமிட்டார்கள். ரங்கநாதன் தெருவில் தீபாவளி நெரிசலில் சிக்கியவர்களுக்கு இது நம்பச் சற்றுக் கடினமாக இருக்கலாம். ஆனாலும் பனகல் பூங்காவின் மர நிழலில் பேருந்துக்கு நிற்கும்போது, எவரோ முன்கூட்டியே எண்ணி நட்டது அது என்பது விளங்கும்.

மடலில் கேட்ட ஆலயங்களுக்கும் ஜம்ஷெட்பூரில் இடம் கிடைத்தது. பின்னர் இயேசு சபைக் குருக்கள் அங்கே 1949-இல் சவேரியார் பெயரால் தொழிலுறவுக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவினார்கள். முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழிகளை அது கற்பித்தது. தெற்கிலிருந்து வேலைக்குச் சென்ற குடும்பங்களின் பெண்கள் தட்சிண பாரத மகிளா சமாஜம் அமைத்துப் பள்ளிகள் நடத்துகிறார்கள்.

ஆலைக்கு ஐம்பது ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 1958 மார்ச் 1 அன்று நேரு அங்கே ஜூபிலி பூங்காவைத் திறந்து வைத்தார். மைசூர் பிருந்தாவனப் பூங்காவை மனத்தில் கொண்டு அமைத்தது அது. உள்ளே ஜம்ஷெட்ஜியின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 3 அன்று பூங்கா முழுவதும் விளக்கேற்றுகிறார்கள். ஊர் மக்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாலையில் அங்கே வருகிறார்கள்.